கரையில் நின்றவள் – 9: வெள்ளிக்கிழமை மட்டும்

விறாந்தையில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த கமலாசனியின் கை அப்படியே நின்றது. சிரித்தது அவளுடைய கணவர் அம்பிகைபாகன். கலியாணமாகிப் பதினாறு வருஷத்தில் தன்னோடு இருந்து அவர் இப்படி விழுந்து விழுந்து சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க இரத்தம் சோதித்துவிட்டு வருகிற மனுஷன் அவர். வீட்டில் வாயைத் திறந்தால் "தேத்தண்ணி" என்பார். தப்பித்தவறி இன்னொரு வசனம் பேசினால் அது தண்ணீர் மோட்டரைப் பற்றியதாக இருக்கும். அப்படிப்பட்டவருக்குள் இவ்வளவு சிரிப்பு இருந்திருக்கிறது! அதை வெளியே எடுக்க நோர்வேயிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

அந்த ஆள்தான் பத்மாதேவி, அம்பிகைபாகனின் மாமா மகள். செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் ஆள் உயர நீலப் பையோடு கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வந்து இறங்கியவள். நாற்பது தாண்டியும் கலியாணம் கட்டவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு தீவு தீவாகத் திரிவதுதான் அவளுக்கு உத்தியோகம். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களாம். போன வருஷம் வடதுருவத்துப் பக்கத் தீவுகளில் பறவை பார்க்கப் போனாள். இந்த முறை மாலைதீவின் தென்கோடியில், வரைபடத்தில் கடுகு தூவினாற்போலக் கிடக்கிற தீவுக்கூட்டம். அங்கே ஹோட்டலும் கிடையாது, கடையும் கிடையாது. தோணியிலேயே படுத்து, தோணியிலேயே சமைத்து, ஆமையோடும் மீனோடும் நீந்திவிட்டு வருவது. திங்கட்கிழமை கட்டுநாயக்காவில் விமானம். அதுவரை அத்தான் வீட்டில் இருக்க வந்திருக்கிறாள்.

அத்தான்! அந்தச் சொல்தான் கமலாசனியின் காதில் முள்ளாகக் குத்தியது. கட்டின பெண்சாதி இவள் பதினாறு வருஷமாக "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று தூணைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து அத்தான் என்று உருகுகிறாள்.

பத்மா என்றாலும் கமலா என்றாலும் ஒரே பூதான். ஆனால் ஒரு பூ நோர்வேயில் மலர்ந்தது. மற்றது குண்டசாலைக் குசினியில் இடியப்பத்தோடு சேர்ந்து அவிந்துகொண்டிருந்தது.

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். நிலத்தில் ஒரு பெரிய கடல் வரைபடம் விரித்துக் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் அம்பிகைபாகன் முழங்காலில் நின்றார். மறுபக்கத்தில் பத்மாதேவி சப்பாணி கட்டி இருந்தாள். அவருடைய விரல் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப அந்த மிச்ச இடம்...?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் கமலாசனியின் காலடிச் சத்தம் கேட்டதும் நிறுத்தினார். வரைபடத்தை மளமளவென்று மடித்தார். பத்மாதேவி கூரையைப் பார்த்தாள்.

சிரித்ததைக் கூடப் பொறுத்திருப்பாள். இந்த மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மிச்ச இடமாம்! கூட்டத்தில் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. அதற்குத்தான் இவர் கடந்த மூன்று நாளாகத் தலைமயிருக்கு எண்ணெய் வைத்து இழுத்துக்கொண்டு திரிகிறார்.

போதாக்குறைக்கு, பத்மாதேவியின் முழங்காலுக்குப் பக்கத்தில் கமலாசனியின் வீட்டுச் செருப்பு ஒன்று கிடந்தது. புதன்கிழமை முழுக்க அதைத் தேடி அலுத்துப்போய் ஒற்றைச் செருப்போடு நின்றவள் அவள்.

"என்ர செருப்பு இஞ்ச எப்பிடி வந்தது?"

"அது... இருட்டில மாறிப் போட்டுட்டன் போல, மச்சாள்," என்றாள் பத்மாதேவி. சொல்லும்போது அத்தானைப் பார்த்தாள். அத்தான் தேத்தண்ணிக்குள் முகத்தைப் புதைத்தார்.

புருஷனோடு சிரித்தாயிற்று, மகளையும் வளைத்தாயிற்று, இப்போது செருப்பும் போயிற்று. மகள் துஷ்யந்தி நேற்று இரவு பத்மாதேவியின் நீச்சல் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் சோறு தின்றாள். பத்மாதேவி கொண்டுவந்த மண்ணிறச் சீஸ் கட்டி சவர்க்காரம் போல இருந்தது, இனித்துக்கொண்டு தொண்டையில் ஒட்டியது. அதைத் தகப்பனும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு தின்றார்கள். கமலாசனி வைத்த கணவாய்க் கறி அப்படியே இருந்தது.

செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு பழைய கடற்கரை விரிந்தது.

தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1982, காரைநகர் கசூரினாக் கடற்கரை. கலியாணமாகி இரண்டு கிழமை. கமலாசனி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரின் மகள். கண்டியில் பிறந்து கண்டியில் வளர்ந்தவள். கடலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பாய்ந்தவள் பத்மாதேவி. "அத்தான், அந்தக் கல்லு மட்டும் போவம்!" என்று கத்திக்கொண்டு போனாள். அம்பிகைபாகன் பின்னாலேயே போனார். இரண்டு தலைகளும் கறுப்புப் புள்ளிகளாகிற வரைக்கும் போனார்கள்.

புதுப்பெண் கூறைச்சேலையின் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் நின்றாள். கையில் எல்லாருடைய கைக்கடிகாரங்களும் இருந்தன. பின்னால் மணலில் எல்லாருடைய செருப்புகளும் கிடந்தன.

"நீரும் வாருமன்" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் இறங்கியிருக்க மாட்டாள், அது வேறு கதை. ஆனால் கேட்டிருக்கலாம்.

---

அந்தப் பழைய எரிச்சல்தான் செவ்வாய்க்கிழமை அவளைக் கொண்டுபோய்ப் பொய்யில் விட்டது.

தை மாதம் தலதா மாளிகையில் குண்டு வெடித்ததிலிருந்து கண்டியில் தமிழ் வீடுகளுக்கு யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். அம்பிகைபாகனுக்குச் சிங்களம் தடுமாறும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கமலாசனிக்கு அது தண்ணீர் பட்டபாடு. அதனால், "பள்ளிக்கூடம் விட்டு வரேக்க ஒருக்கா போய்ச் சொல்லிப்போட்டு வாரும், ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேணுமோ எண்டும் கேளும்," என்றார் அவர்.

அவளும் போனாள். பொலிஸ் நிலையத்துக் கேற் வரைக்கும் போனாள். காவலுக்கு நின்றவன் "என்ன மிஸ்?" என்று கேட்கிற நேரத்தில், காலையில் பார்த்த காட்சி கண்ணுக்குள் வந்தது. பையை இறக்கிய பத்மாதேவி அத்தானின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அவர் பள்ளிக்கூடப் பையன் போல நெளிந்தார். கமலாசனி திரும்பி நடந்தாள். வழியில் இரண்டு கிலோ மரவள்ளிக்கிழங்கு வாங்கினாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருக்கலாமாம். அதுக்கு மேல ஒரு நாளும் தர ஏலாதாம்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போயாவும் இல்லை, பொங்கலும் இல்லை. அம்பிகைபாகன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். எடுத்தவர் சாதாரணமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கமலா, தேவிக்கு ஞாயிறு மட்டும் கேட்டுப் பாப்பம் எண்டு யோசிக்கிறன். பின்னேரம் வந்து நானே அவளைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

கமலாசனிக்குப் பகீர் என்றது. "நீங்கள் ஏன் மினக்கெடுறியள்? உங்களுக்குச் சிங்களமும் வராது. நான் கேக்கிறன்."

"பாவம், நீர் ஒருக்கா அலைஞ்சது காணும்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளைக் கொன்றது.

பொலிஸில் போய் "வெள்ளி வரைக்கும் தந்தீர்களே" என்று இவர் கேட்பார். அவர்கள் யார் தந்தது என்று கேட்பார்கள். கேட்ட இடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஊர் சிரிக்கும் என்பது கூடப் பெரிதில்லை. அவள் சிரிப்பாள். அவளோடு சேர்ந்து இவரும் சிரிப்பார்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவர் வருவதற்குள் தானே பத்மாதேவியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட வேண்டும். பேச்சு முழுக்கச் சிங்களத்தில் நடக்கும். பத்மாதேவிக்குச் சிங்களத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. புதிதாகப் பதிகிறார்களா, நாளை நீட்டுகிறார்களா என்று அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது?

துஷ்யந்தியைப் பக்கத்து வீட்டு ஸுலைஹாவின் மகளோடு விளையாட அனுப்பினாள். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"மச்சாள், வெளிக்கிடும். அவர் வந்து மினக்கெடத் தேவையில்லை. நாங்களே பொலிஸுக்குப் போட்டு வருவம்."

கட்டில் முழுக்க நீலப் பையின் வயிறு கொட்டிக் கிடந்தது. கறுப்பு ரப்பர் உடுப்பு, தொலைநோக்கி, திசைகாட்டி, கண்ணாடிகள், மூச்சு விடுகிற குழாய்கள், வாத்துக்கால் போன்ற ரப்பர்ச் சப்பாத்துகள்.

"அட, நீர் என்னோட சிரிச்சுக் கதைக்கிறீர்!" பத்மாதேவி உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். "வந்த நாளிலயிருந்து மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சீர். என்ன பிழை விட்டன் எண்டு நானும் மண்டையைப் போட்டு உடைக்கிறன். இஞ்ச, இதை ஒருக்காப் போட்டுப் பாருமன்."

ஒரு நீச்சல் கண்ணாடியை நீட்டினாள்.

கமலாசனி அதை வாங்கவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. அடக்கி வைத்திருந்த கேள்வி வாயைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"மச்சாள், ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். உங்கட பயணத்தில ஒரு இடம் மிச்சம் இருக்கெல்லே? அது ஆருக்கு?"

பத்மாதேவி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதை அத்தான்தான் சொல்லவேணும். பின்னேரம் சொல்லுவார், பொறும்."

கமலாசனியின் காது இரண்டும் சுட்டன. கட்டின பெண்சாதிக்குச் சொல்லாததை மாமா மகளுக்குச் சொல்லி, அதைப் பெண்சாதியிடம் எப்போது சொல்வது என்று நேரமும் குறித்து வைத்திருக்கிறார்கள்!

நல்ல நாலு கேள்வி கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் வேலிப் பக்கமிருந்து ஸுலைஹாவின் குரல் வந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இவர்களைத் தன் வீட்டு அறைக்குள் வைத்துக் காப்பாற்றிய ஸுலைஹா. அவளுக்குச் சும்மா கத்துகிற பழக்கம் இல்லை.

"டீச்சர்! டீச்சர்! மேல் லேன்ல செக்கிங் நடக்குது. இப்ப ஒங்கட பக்கம்தான் வாராங்க. வந்தீக்கிறவங்களப் பதிஞ்சிட்டீங்கதானே?"

---

வந்தவர்கள் மூன்று பேர். தலை நரைத்த ஒரு சப் இன்ஸ்பெக்டர். இரண்டு கான்ஸ்டபிள்கள். ஒருவன் வாசலில் நின்றான். மற்றவன் மீசை இன்னும் சரியாக முளைக்காதவன். அவன் கமலாசனியைப் பார்த்து ஏதோ யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கினான்.

"இவர் யார், மிஸ்?" சப் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்.

"கணவரின் மாமா மகள். நோர்வேயில் இருக்கிறார்."

"பிறந்த இடம்?"

"யாழ்ப்பாணம்."

"பதிந்தீர்களா?"

கமலாசனி பதில் சொல்வதற்குள் அறைக்குள் போன இளையவன் கூப்பிட்டான்.

"சேர், இங்கே ஒருக்கா வாருங்கள்."

கட்டிலைப் பார்த்ததும் சப் இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் கடலில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தியின் பைக்குள் தண்ணீருக்கடியில் போகிற உடுப்பும், திசைகாட்டியும், பென்சிலால் கோடு போட்ட கடல் வரைபடமும். அவர் வரைபடத்தை விரித்தார். குரலில் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது.

"இது என்ன? எந்தக் கடல் இது? என்ன கோடு இது?"

பத்மாதேவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கியது. "என்ன மச்சாள் கேக்கிறார்?" என்று கமலாசனியின் கையைப் பிடித்தாள். பிடித்த கை குளிர்ந்திருந்தது.

நம் கமலாசனி நல்லவள்தான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த ஒரு நொடியில் அவளுடைய நாக்கு நுனியில் ஒரு வசனம் வந்து நின்றது. "எனக்கு ஒன்றும் தெரியாது, சேர். அவருடைய சொந்தக்காரி. அவர்தான் கூப்பிட்டார்." அவ்வளவு போதும். வெளியே ஜீப் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை முதல் இவள் எப்போது போவாள் என்று வேண்டிக்கொண்டிருந்தாளே, இதோ கூட்டிக்கொண்டு போக வாகனமே வந்திருக்கிறது. அத்தான் என்று கூப்பிட வீட்டில் ஆள் இருக்காது. மிச்ச இடமும் இருக்காது.

கை இன்னும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பயணம், எங்க போறீர், எல்லாத்தையும் சொல்லும்," என்றாள் தமிழில். "ஒண்டும் விடாமல் சொல்லும். நான் சொல்லுறன்."

பத்மாதேவி சொல்லச் சொல்ல அவள் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனாள். இது மாலைதீவுக் கடல். கோடு போட்டது தோணி போகிற பாதை. எல்லாரும் வெளிநாட்டுப் பெண்கள், ஓர் ஆண் கூட இல்லை. தோணிக்காரர்கள் மட்டும் அந்த ஊர் ஆட்கள்.

ஓர் ஆண் கூட இல்லையா? சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. ஆனால் யோசிக்க நேரம் இல்லை.

"ஒரு தீவில மனிசரே இல்லை, மச்சாள். பறவை மட்டும்தான். இன்னொண்டில பவளப்பாறைக்கு மேல மிதந்துகொண்டு கிடந்தால், கீழ எங்கட சாப்பாட்டு மேசையை விடப் பெரிய திருக்கை போகும்."

திருக்கைக்குச் சிங்களத்தில் என்ன? மலைநாட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியவில்லை. "தட்டையாக, பெரிய, வால் நீண்ட ஒரு மீன்..." என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"மடுவா!" என்றான் இளைய கான்ஸ்டபிள். முகம் முழுக்கச் சிரிப்பு. "நான் மாத்தறை, மிஸ். எங்கள் அப்பா பிடித்துக்கொண்டு வருவார்."

அறைக்குள் கொஞ்சம் காற்று வந்தாற்போல இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கட்டிலில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கிறதே. கண்ணாடி இரண்டு. குழாய் இரண்டு. இந்த ரப்பர்ச் சப்பாத்து இரண்டு சோடி, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. போகிறவர் ஒருவர் என்றால் மற்றது யாருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்று பொலிஸை விட ஆவலாக நின்றவள் கமலாசனி.

"மற்ற செற் ஆருக்காம் எண்டு கேக்கிறார்," என்றாள். குரல் கொஞ்சம் கோணியது.

பத்மாதேவி அவளைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அத்தான் என்னைக் கொல்லப் போறார். பின்னேரம் தானே சொல்லவேணும் எண்டு ஆசையா இருந்தவர். அது உமக்கு, மச்சாள். என்ர கூட்டத்தில ஒருத்தி காலை முறிச்சுப்போட்டாள், அவளின்ர இடம். உமக்குச் சிதம்பரம் போக எடுத்த பாஸ்போட் இருக்குத்தானே? உம்மட லீவுக்கும் அத்தான் பிரின்சிபலிட்டக் கதைச்சிட்டார். செருப்பைக் களவா எடுத்து அந்தச் சப்பாத்தின்ர பட்டியை அளவு பாத்தது நாங்கள்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "கசூரினாவில உம்மைத் தனிய விட்டுட்டுப் போனனாங்கள். அத்தான் இண்டைக்கும் அதைச் சொல்லித் தன்னைத் தானே ஏசுறவர். பொலிஸ்காரருக்குச் சொல்லும், மச்சாள், பாத்துக்கொண்டு நிக்கிறார்."

சப் இன்ஸ்பெக்டர் காத்துக்கொண்டிருந்தார்.

"மற்றது..." கமலாசனிக்குச் சிங்களம் முதல்முறையாகத் தடுமாறியது. "மற்றது எனக்கு, சேர். என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாராம்."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"பயமில்லையா?"

"எனக்கு இப்போதுதான் தெரியும், சேர்."

இளையவன் வாயைப் பொத்திக்கொண்டான். சப் இன்ஸ்பெக்டரின் உதடும் கொஞ்சம் அசைந்தது.

கமலாசனியின் மனம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால், குளிர்ந்துபோய் இருந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வெட்கம் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சின்ன எரிச்சல் இன்னும் அணையாமல் கிடந்தது. கரையில் நான் தனியாக நின்றதைக் கூட இவர்கள் இரண்டு பேரும் தானே கதைத்து, இவர்கள் இரண்டு பேரும் தானே சிரித்திருக்கிறார்கள்! பதினாறு வருஷத்தில் அதை என்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"சரி, பதிவுக்கு வருவோம்," என்றார் சப் இன்ஸ்பெக்டர். பதிவு என்ற அந்த ஒரு சொல்லைப் பத்மாதேவி எப்படியோ பிடித்துக்கொண்டாள். பயம் கொஞ்சம் தெளிந்து, உதவி செய்கிற உற்சாகத்தில் ஆங்கிலத்தில் அவரிடமே நேராகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்கள்தான் அனுமதி தந்தீர்கள், செவ்வாய்க்கிழமை இவர்தான் வந்து கேட்டார், மிகவும் நன்றி என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் மெல்லக் கமலாசனியின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்.

"யார் தந்தது, மிஸ்? நாங்கள் அப்படி நாள் குறித்துக் கொடுப்பதில்லையே."

இளையவனின் நெற்றிச் சுருக்கம் இப்போது அவிழ்ந்தது.

"இப்போதுதான் ஞாபகம் வருகிறது, சேர். செவ்வாய்க்கிழமை நான்தான் கேற்றில் நின்றேன். இந்த மிஸ் வந்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மடுவாவைச் சொன்ன அதே வெள்ளை மனத்தோடுதான் சொன்னான். ஆனால் பொலிஸ் கேற் வரைக்கும் வந்து, பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போகிற தமிழ்ப் பெண் என்றால் அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று கமலாசனிக்குத் தெரியும்.

பழியைப் பத்மாதேவியின் தலையில் போடலாம். பதிய வேண்டாம் என்று இவள்தான் சொன்னாள் எனலாம். சிங்களத்தில் என்ன சொன்னாலும் பத்மாதேவி பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். இப்போதும் அப்படித்தான், ஒன்றும் விளங்காமல் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருவரும் தரவில்லை, சேர்," என்றாள் கமலாசனி. "நான் பதியவே இல்லை. இவரிடமும் கணவரிடமும் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"என் கணவர் இவரோடு சிரித்துப் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு போகட்டும் என்று நினைத்தேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. சப் இன்ஸ்பெக்டர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு பத்மாதேவியைப் பார்த்தார். பத்மாதேவி இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தாள்.

"இப்படி ஒரு காரணத்தை என் சேவைக் காலத்தில் கேட்டதில்லை," என்றார். "வீட்டுக்குப் பொறுப்பு யார்?"

"கணவர்."

"அப்படியானால் பிழை அவர் மேல்தான். பதியாமல் ஆளை வைத்திருந்தது வீட்டுக்காரர். ஐந்து மணிக்கு மூன்று பேரும் வாருங்கள். அவர் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்."

"அவருக்கு ஒன்றும் தெரியாது, சேர். நான்தான்..."

"தெரியாது என்பதை அவரே வந்து சொல்லட்டும்."

பத்மாதேவியின் பாஸ்போட், வரைபடம், திசைகாட்டி, தொலைநோக்கி நான்கையும் இளையவன் ஒரு துணிப்பைக்குள் போட்டான்.

"சேர், திங்கட்கிழமை விமானம்..."

"அதை ஐந்து மணிக்குப் பிறகு பார்ப்போம்."

ஜீப் போய்விட்டது. ஐந்து மணிக்கு வரச் சொன்னதை மட்டும் கமலாசனி தமிழில் சொன்னாள். வேலிக்கு அப்பால் நின்ற ஸுலைஹா, "அல்லாஹ்வே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்மாதேவி தொப்பென்று கட்டிலில் இருந்தாள். "பாஸ்போட்டைக் கொண்டுபோட்டாங்கள்! ஐஞ்சு மணிக்குத் தருவாங்கள்தானே? நீர் இல்லாட்டி என்னை ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள், மச்சாள். சும்மா பொரிஞ்சு தள்ளினீர்!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஓம், கடைசியா அவரிட்ட என்ன சொன்னனீர்? அந்தாள் பேனையை நிப்பாட்டிப்போட்டு உம்மை ஒரு மாதிரிப் பாத்தது."

கமலாசனி சின்னச் சோடியில் ஒரு சப்பாத்தைக் கையில் எடுத்தாள். பட்டி அவளுடைய பாதத்துக்கு அளவாக இழுத்துக் கட்டியிருந்தது. நேர்த்தியான முடிச்சு. அம்பிகைபாகன் ஆய்வுகூடத்தில் மாதிரிப் பைகளுக்குப் போடுகிற முடிச்சு அது.

"சொல்லுமன், மச்சாள்."

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னேரம் என்று சொல்லிப் போன மனுஷன், யாரிடமோ கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டார். முகம் முழுக்க ஒரு ரகசியம் பூரித்துக்கொண்டு நின்றது.

"என்ன கமலா, சிலை மாதிரி நிக்கிறீர்? தேவி, வெளிக்கிடும், பொலிஸுக்குப் போட்டு வருவம். வந்து எல்லாரும் இருந்து சாப்பிடேக்க உங்கட மச்சாளுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும்." சிரித்துக்கொண்டே வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றினார். "கமலா கேட்டதுக்கு வெள்ளி மட்டும் தந்தவங்கள். நான் கேட்டால் ஞாயிறு மட்டும் தராமலோ விடப்போறாங்கள்?"

வழக்கம்போல அவருடைய சப்பாத்தை ஓரமாக எடுத்து வைக்கக் குனிந்த கமலாசனி, அதைத் தொடாமல் நிமிர்ந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நான் செவ்வாய்க்கிழமை பொலிஸுக்குள்ள போகவே இல்லை."